ஒரே பெயரில் இரு கோப்புறைகள்: படமுகாமை மென்பொருள்களில் ஏற்படும் சிக்கல்

மாணவர்களே, பாடசாலையொன்றின் சுற்றாடல் கழகத்தினர் மட்டக்களப்பு வாவியோரம் களப்பயணம் சென்று 240 படங்கள் எடுத்தனர் எனக் கொள்வோம். கணினியில் இட்டு, படமுகாமை மென்பொருளைத் திறந்தபோது "கோட்டை" என்ற கோப்புறை இரண்டு தடவை காணப்பட்டது. வன்றட்டில் இடத்தை மிச்சப்படுத்த எண்ணி ஒருவர் அவற்றுள் ஒன்றிலிருந்த படங்களை அழித்தார். மற்றையதிலிருந்த படங்களும் மறைந்தன. காரணம் யாது?

லைட்ரூம், டிஜிகாம் போன்ற மென்பொருள்கள் படங்களின் விபரங்களை ஒரு தரவுத்தளத்தில் பதிந்து வைக்கின்றன. படக்கோப்புகள் வன்றட்டிலேயே இருக்கும். நூலகத்தில் ஒரே நூலுக்கு இரண்டு பட்டியல் அட்டைகள் எழுதப்பட்டால் நூல் இரண்டாகிவிடாது அல்லவா? இங்கு நிகழ்ந்ததும் அதுவே. பதிவுகள் இரண்டு, கோப்புறை ஒன்று. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது பெயரையன்று, பாதையை. இரண்டின் பாதையும் ஒன்றாயின் அது பதிவுக் குறைபாடு. அப்போது பட்டியலிலிருந்து நீக்கும் கட்டளையையே பயன்படுத்த வேண்டும். வன்றட்டிலிருந்து அழிக்கும் கட்டளையைத் தொடவே கூடாது. (பரீட்சையில் மாணவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் இடம் இது.)

வெளிவாரி வன்றட்டுகளிலும் இத்தொல்லை உண்டு. நேற்று "ஈ" எழுத்தைப் பெற்ற தட்டு இன்று "எஃப்" எழுத்தைப் பெற்றால், பழைய பாதை காணாமற்போனதாக மென்பொருள் காட்டும். உடனே படங்களை மீண்டும் உள்ளீடு செய்தால் இரண்டாவது பதிவு உருவாகும்; முன்பு எழுதிய தலைப்புகள் பழைய பதிவோடு நின்றுவிடலாம். காணாமற்போன கோப்புறையின் புதிய இடத்தைக் காட்டிக்கொடுப்பதே சரியான முறை.

இனி, தமிழில் பெயரிடுவோருக்கே உரிய ஒரு காரணம். "கோட்டை" என்பதிலுள்ள "கோ" யுனிக்கோட்டில் இரு வகையாக அமையலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒரு வகை. ஏகாரக் குறி, கால் ஆகிய இரண்டையும் தனித்தனியே சேர்ப்பது மற்றையது. திரையில் வேறுபாடு தெரியாது. ஆனால் விண்டோஸ் இவற்றை இரு வேறு பெயர்களாகவே கொள்ளும். ஆதலால் ஒரே இடத்தில் இரண்டு "கோட்டை" இருக்க முடியும்! பாதைகள் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும் இவை உண்மையில் இரு கோப்புறைகள். இதனைச் சோதிக்கும் வழி எளிது. பெயரைப் பிரதிசெய்து நோட்பேடில் ஒட்டி, "கோ"வுக்கு அடுத்து நிலைகாட்டியை வைத்துப் பின்னழி விசையை ஒருமுறை அழுத்துக. பொதுவாக "க" எஞ்சினால் ஒற்றைக் குறியீடு. "கே" எஞ்சினால் இரட்டைக் குறியீடு. படங்களை ஒரு கோப்புறைக்கு மென்பொருளின் உள்ளிருந்தே நகர்த்தி, வெறுமையானதை நீக்குக. கொ, கௌ போன்ற எழுத்துகளிலும் இவ்வாறு நேரும்.

கோப்பின் பெயர் ஒன்றாயிருப்பதாலும் ஏமாறக் கூடாது. கமெராக்கள் படங்களுக்கு 0001 முதல் 9999 வரை இலக்கமிட்டு, பின் மீண்டும் 0001இலிருந்து தொடங்குகின்றன. இரண்டு கமெராக்களிலும் ஒரே இலக்கம் வரலாம். கல்லடியில் 1924இன் பழைய பாலத்துக்கு அருகே புதிய பாலம் 2013இல் திறக்கப்பட்டது. பழைய பாலத்தின் 2012ஆம் ஆண்டுப் படமும் இவ்வாண்டு எடுத்த படமும் ஒரே கோப்புப் பெயரைக் கொண்டிருந்தால், பெயரை மட்டும் பார்த்து ஒன்றை அழிப்பவர் எதனை இழப்பார்? எடுத்த திகதி, கோப்பின் அளவு ஆகியவற்றை ஒப்பிட்டு, இரண்டையும் திறந்து பார்த்த பின்னரே முடிவுசெய்க. அதற்கு முன் வேறொரு தட்டில் காப்புப் பிரதி எடுத்திருத்தல் வேண்டும்.

மாதிரி வினா: தலா 4 மெகாபைற்று அளவுள்ள 240 படங்களைக் கொண்ட கோப்புறை மென்பொருளில் இரு தடவை காட்டப்படுகின்றது. வன்றட்டில் படங்கள் பிடித்துள்ள இடம் (அ) இரண்டும் ஒரே பாதையாயின் (ஆ) இரண்டும் வெவ்வேறு பிரதிகளாயின் எவ்வளவு?

விடை: (அ) 960 மெகாபைற்று (ஆ) 1920 மெகாபைற்று.