பழுப்பிலையும் வெளிறிய தளிரும்

இலையின் ஒவ்வொரு பருவத்துக்கும் தமிழில் ஒரு பெயர் உண்டு. கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்பன அவை. தொல்காப்பிய மரபியலும் மரத்தின் உறுப்புக்களைக் கூறுமிடத்து இலையையும் தளிரையும் வேறுவேறாகவே எண்ணுகின்றது. இப்பாகுபாடு புலவர்க்கு மட்டும் உரியதன்று. வீட்டு விறாந்தையில் வைத்த செடி மஞ்சளாகும்போது அதன் காரணத்தை ஆராய்வோர்க்கும் இதுவே முதற்பாடமாகும். மஞ்சளானது மூத்த இலையா, இளந்தளிரா என்னும் வினாவுக்கு விடை கண்டால் பாதி வழி கடந்தவராவோம்.

திருகோணமலை நகரில் மணிபிளான்ற் என்னும் கொடி இல்லாத விறாந்தை அரிது. பசிபிக் சமுத்திரத்து மூரேயாத் தீவைத் தாயகமாகக் கொண்ட இக்கொடி, சாடி மண்ணிலும் வளரும். நீர் நிறைந்த போத்தலிலும் வளரும். செவ்வரத்தை, எக்சோரா, குரோட்டன், துளசி ஆகியனவும் அதன் அயலில் நிற்கும். இவற்றுள் ஒன்று மஞ்சளானதும் நம்மவர் செய்வன இரண்டு. ஒரு செம்பு நீரை மேலும் ஊற்றுவர். அன்றேல் ஒரு பிடி உரத்தை இடுவர். நோய் இன்னதென்று அறியாது மருந்திடுதல் மனிதர்க்கு ஆகாதது போலவே செடிக்கும் ஆகாது. மஞ்சள் நிறம் ஒரு நோயன்று. பல நோய்களுக்குப் பொதுவான ஓர் அறிகுறியே என்க.

பச்சை நிறத்தின் மூலம்

இலையின் பசுமைக்குக் காரணம் பச்சையம். அதன் மூலக்கூற்றின் நடுவே மகனீசியம் உளது. சூழ நைதரசன் உளது. இரும்பு அம்மூலக்கூற்றில் இல்லை. ஆயினும் இரும்பின்றிச் செடி பச்சையத்தை ஆக்கமாட்டாது. 1840களில் யூசேப் கிறி என்னும் பிரெஞ்சு அறிஞர், வெளிறிய இலைகள் இரும்புப்பினாற் பசுமை பெறுவதைக் காட்டினார். பச்சையத்தை ஆராய்ந்த ஜேர்மானிய அறிஞர் வில்ஸ்ரற்றர் 1915 ஆம் ஆண்டில் இரசாயனத்துக்கான நோபெல் பரிசு பெற்றார்.

இனி ஒரு நுட்பம் அறியத்தக்கது. நைதரசனும் மகனீசியமும் செடியினுள் இடம்பெயரும் இயல்பின. அவை குறையும்போது செடி தன் மூத்த இலையிலிருந்து அவற்றைப் பெயர்த்துத் தளிருக்கு ஊட்டும். ஆதலால் அடியிலைகள் முதலில் மஞ்சளாகும். இரும்போ எளிதிற் பெயராது. அது குறைந்தால் முதியது பசுமையாயிருக்கத் தளிரே வெளிறும்.

அறியும் முறை

அடியிலை ஒன்று மட்டும் எப்போதாவது மஞ்சளாகி உதிருமாயின் அது இயற்கையான பழுப்பு. அதற்கு மருந்து வேண்டா.

அடியிலைகள் பல ஒருசேர, நரம்பும் பரப்புமாக வெளுத்து, வளர்ச்சியும் குன்றினால் நைதரசன் குறைவெனக் கொள்ளலாம். யூரியா போதாத நெல்வயலிலும் அடியிலைகளே முதலில் வெளுக்கும். சாடிச் செடிக்கு நன்கு மக்கிய எருவை மண்ணின்மேற் பரப்பினால் அமையும்.

அடியிலையின் நரம்புகள் பசுமையாயிருக்க இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மகனீசியக் குறைவாகும். ஒரு லீற்றர் நீரில் எப்சம் உப்பு 5 கிராம் கரைத்து ஊற்றுக.

தளிரில் அவ்வாறு நரம்பு பசுமையாயும் இடை வெளிறியும் தோன்றினால் அது இரும்புக் குறைவு. எக்சோராவிலும் செவ்வரத்தையிலும் இதனைத் தெளிவாகக் காணலாம். இலையின் அடிப்புறத்தில் நுண்ணிய வலையும், மேற்புறத்தில் ஊசி குத்தினாற்போன்ற மஞ்சட் புள்ளிகளும் இருப்பின், குற்றவாளி சிற்றுண்ணியே. கச்சான் வீசும் வறண்ட மாதங்களில் அது பெருகும். இலையின் இருபுறத்தையும் நீரினாற் பலமுறை கழுவுதல் வேண்டும்.

நமது கரையோரத்துக்குரிய மூன்று காரணங்கள்

முதலாவது சுண்ணாம்பு. நமது கடற்கரை மணலிற் சிப்பித் துணுக்குகள் கலந்துள்ளன. அம்மணலைச் சாடியில் இட்டால் மண் காரத்தன்மை அடையும். அதில் இரும்பு இருந்தும் வேர் அதனை உறிஞ்ச இயலாது. செல்வம் பூட்டிய பெட்டியில் இருப்பது போல. சிறிது மணலில் தேசிக்காய்ச் சாற்றைப் பிழிந்து பார்க்க. நுரை பொங்கினால் சுண்ணாம்பு உளது. அச்சாடிக்குச் செம்மண்ணும் மக்கிய இலையெருவும் கலந்த புதுமண் இடுவதே நிலையான பரிகாரம். உடனடித் துணையாக, அன்னபேதி எனப் பழைய வைத்தியர் வழங்கும் இரும்புச் சல்பேற்றை லீற்றருக்கு 2 கிராம் வீதம் கரைத்து, மாலை வேளையில் தளிர்மீது தெளிக்கலாம்.

இரண்டாவது உவர்நீர். கரையோரக் கிணறுகளில் நன்னீர், கீழுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. வறட்சியில் மிகுதியாக இறைத்தால் உவர் மேலெழும். 2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை புகுந்த ஊர்களிற் கிணறுகள் உவர்ப்பேறியதை நம்மவர் மறவார். உவர்நீர் பாய்ந்த செடியின் இலைக்கரை மஞ்சளாகிப் பின் கருகும். மண்மேலும் சாடியின் புறத்தும் வெண்பொருக்குத் தோன்றும். இச்செடிக்கு உரமிடுதல் எரியும் நெருப்பில் எண்ணெய் வார்த்தலாகும். உரமும் ஓர் உப்பே. மாரியிற் சேமித்த மழைநீரை மெல்ல மெல்ல ஊற்றி, அடித்துளையால் வடியவிட்டு, உப்பைக் கழுவுதலே மருந்து.

மூன்றாவது மிகைநீர். விறாந்தைச் செடிகள் மிகுதியாக இறப்பது இதனாலேயே. வேருக்கும் ஒட்சிசன் வேண்டும். மண்ணின் இடைவெளி யாவும் நீரால் நிரம்பினால் வேர் மூச்சடங்கிக் கபிலநிறமாய் அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. ஆகவே ஈரத்தினிடையிலும் இலை வாடும். வாட்டங் கண்டு வீட்டார் பின்னரும் நீர் ஊற்றுவர். இரக்கமே நஞ்சாகும் இடம் இதுவாகும். விரலை இரண்டு அங்குலம் மண்ணுட் செலுத்திப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் நீர் விடுக. வாடைக்காற்று வீசும் மாரி மாதங்களிற் பல நாட்கள் நீரே வேண்டா. வேர் அழுகியிருப்பின் அப்பகுதியை வெட்டி நீக்கிப் புதுமண்ணில் நடுக.

சாடியின் கீழ் வைத்த தட்டிற் தேங்கும் நீர் வேரை மட்டுங் கெடுப்பதன்று. டெங்கு நுளம்புக்கும் தொட்டிலாகும். 2017 ஆம் ஆண்டில் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. அவ்வாண்டு நமது மாவட்டத்துக் கிண்ணியா பட்ட துன்பம் யாவரும் அறிந்ததே. எனவே தட்டு நீரை அன்றன்றே கொட்டுக. போத்தலில் வளரும் மணிபிளான்றின் நீரை வாரந்தோறும் மாற்றி, போத்தலின் உட்புறத்தை உரைத்துக் கழுவுக. நுளம்பின் முட்டை சுவரில் ஒட்டிக்கிடக்குமாதலால் நீரை மாற்றுதல் மட்டும் போதாது.

பயன் அறிதல்

முற்றும் மஞ்சளான இலை மீண்டும் பச்சையாவது அரிது. ஆகையால் பரிகாரஞ் செய்தபின் பழைய இலையைப் பார்த்து மனந்தளர வேண்டா. அடுத்து விரியும் தளிரைப் பார்க்க. ஒருகாலத்தில் ஒரு பரிகாரமே செய்க. நீரும் உரமும் மண்ணும் ஒரே நாளில் மாற்றியவர், செடி பிழைத்தாலும் எதனாற் பிழைத்தது என அறியார்.

இக்கல்லூரியிற் பயின்று, இன்று பல ஊர்களில் இல்லறம் நடத்தும் பழைய மாணவர்கள் தத்தம் பிள்ளைகளைச் சாடியருகே அழைத்து நான்கு வினாக்களை வினவச் செய்வார்களாக: மஞ்சளானது மூத்ததா, இளையதா? நரம்பு பசுமையா? மண் ஈரமா? இலையின் அடியில் யாது உளது? விடைகளை ஒரு கொப்பியில் எழுதியபின்னரே நீர்ச்செம்பைத் தொட விடுக. கண்டு, வினவி, பின் செய்தல் என்னும் பழக்கம் செடியளவில் நில்லாது. பிற்காலத்தில் அவர்கள் மேற்கொள்ளும் தொழில் யாதாயினும் அதற்கும் அது துணையாகும்.