பால் கடந்த அன்பு: குணங்குடியார் நெறியும் மனச்சான்றும்

முன்னுரை

இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை வடக்கே நீளும் கடற்கரையைத் துறைமுகம், ஆலை, மீன்பிடித் தொழில் ஆகிய மூன்றனோடு இணைத்தே பலரும் எண்ணுவர். இது ஞானியர் உறைந்த மண்ணும் ஆகும் என்பதை எண்ணுவார் சிலரே. திருவொற்றியூர்க் கடற்கரையில் பட்டினத்தார் அடங்கிய இடம் உள்ளது. இராயபுரத்தை அடுத்த தண்டையார்பேட்டையில் குணங்குடி மஸ்தான் சாகிபு (ரஹ்) அவர்களின் அடக்கத்தலம் உள்ளது. சரக்கு வண்டிகளின் இரைச்சலுக்கு நடுவே இன்றும் எல்லாச் சமயத்தாரும் அங்கே வந்து செல்கின்றனர்.

இறையன்புக்கு ஆண், பெண் என்னும் பால் வேறுபாடு உண்டா? இல்லையெனில், அவ்வுண்மை நம் அன்றாட நடையில் எவ்வாறு வெளிப்படல் வேண்டும்? இவ்விரு வினாக்களுக்கும் குணங்குடியாரை நடுவாக வைத்து விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கணம் தரும் குறிப்பு

தமிழ் மாணவர்க்குப் பால் என்னும் சொல் புதிதன்று. உயர்திணைக்கு ஆண்பால், பெண்பால், பலர்பால். அஃறிணைக்கு ஒன்றன்பால், பலவின்பால் எனத் தொடக்க வகுப்பிலேயே கற்கிறோம். ஆயின் தொல்காப்பியர், சொல்லதிகாரக் கிளவியாக்கத்தில் ஒரு நுட்பம் உரைக்கின்றார். காலம், உலகம், உயிர், உடம்பு முதலான பத்துச் சொற்களை எடுத்துக்காட்டி, அவையும் அவை போல்வன பிறவும் உயர்திணைக்கண் பால் பிரிந்து வழங்கா என்கின்றார். மனிதனை ஆண் என்றும் பெண் என்றும் பிரிக்கும் மொழி, அவனுள் இருக்கும் உயிரைப் பிரிக்கவில்லை. ‘உயிர் வந்தான்’ என்றோ ‘உயிர் வந்தாள்’ என்றோ நாம் சொல்வதில்லை. இலக்கண விதிதான் இது. எனினும் சிந்தனைக்கு உரியது.

அரபு மொழியின் இயல்பு வேறு. அங்குப் பெயர்ச்சொற்கள் ஆண்பாலாகவோ பெண்பாலாகவோ அமையும். ஆன்மாவைக் குறிக்கும் ‘நஃப்ஸ்’ என்னும் சொல் பெண்பாற் சொல்லாகும். அதனால் ஆணின் ஆன்மாவும் அம்மொழியில் பெண்பால் வினையையே கொள்ளும்.

திருக்குர்ஆனின் 33ஆவது அத்தியாயம் 35ஆவது வசனம் இங்கு எண்ணத்தக்கது. இறைவனுக்குக் கீழ்ப்படிதல், நம்பிக்கை, வாய்மை, பொறுமை, பணிவு, ஈகை, நோன்பு முதலான பத்துப் பண்புகளை அவ்வசனம் அடுக்குகிறது. ஒவ்வொன்றையும் ஆடவர்க்கு ஒருமுறையும் பெண்டிர்க்கு ஒருமுறையும் தனித்தனியே சுட்டி, இருவர்க்கும் ஒரே கூலியை உறுதி செய்கிறது. ஆடவர் பேசப்படுவது போலப் பெண்கள் ஏன் பேசப்படுவதில்லை என அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வினவியதை ஒட்டி இவ்வசனம் அருளப்பெற்றது என விரிவுரையாளர் உரைப்பர். பெண் ஒருவர் தயங்காது கேட்டார், அக்கேள்வி மதிக்கப்பெற்றது. நம் பிள்ளைகள் நெஞ்சில் நிறுத்த வேண்டிய செய்தி இது.

குணங்குடியாரும் மனோன்மணியும்

இராமநாதபுரம் மாவட்டம் தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் 1792ஆம் ஆண்டு பிறந்தவர் சுல்தான் அப்துல் காதிர். கீழக்கரையில் மார்க்கக் கல்வி பெற்று, இல்லற வாழ்வை ஏற்காது துறவு பூண்டு, பல இடங்களில் தவமிருந்து, இறுதியில் வடசென்னையை அடைந்தார். இறைக்காதலில் தம்மை மறந்து திரிந்தமையால் மக்கள் அவரை ‘மஸ்தான்’ என்றனர். 1838ஆம் ஆண்டு இங்கேயே மறைந்தார். தொண்டியிலிருந்து வந்த அவர் ‘தொண்டியார்’ எனப்பட, அவர் வாழ்ந்த இடம் ‘தொண்டியார்பேட்டை’ ஆயிற்று என்பர். வரலாற்று நோக்கில் இது பொருந்தாது. அவர் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, 1693இல், கிழக்கிந்தியக் கம்பெனி பெற்ற ஊர்களுள் ஒன்றாக இவ்வூர்ப் பெயர் காணப்படுகிறது. ஆயினும், ஓர் ஊரின் பெயரையே ஒரு ஞானிக்கு உரியதாக்கி மகிழ மக்கள் விரும்பினர் என்பதே அவர்பால் கொண்ட அன்பின் அளவைக் காட்டும்.

அந்த அன்பு ஒரு சமயத்தாரோடு நின்றதன்று. அவருடைய மாணாக்கராகிய ஐயாசாமி முதலியார் ‘குணங்குடிநாதர் பதிற்றுப்பத்தந்தாதி’ பாடினார். திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் அவர்மீது நான்மணிமாலை பாடினார். அவரோ முகியித்தீன் சதகம் பாடிய வாயால் அகத்தீசர் சதகமும் நந்தீசர் சதகமும் பாடினார்.

அவருடைய பாடல்களுள் நம் பொருளுக்கு நெருக்கமானது ‘மனோன்மணிக் கண்ணி’யாகும். அதில் பரம்பொருளை ‘மனோன்மணி’ என்னும் தலைவியாகவும் தம்மை அவள்பால் ஏங்கும் தலைவனாகவும் வைத்துப் பாடுகின்றார். மனோன்மணி என்பது சைவ, சாக்த நெறிகளில் சக்தியின் பெயராக வழங்குவது. யோக நூல்கள் மனம் அடங்கிய நிலையையும் அச்சொல்லால் குறிக்கும்.

இதனைக் கேட்டு மார்க்க அறிஞர் சிலர் ஐயுறக்கூடும். அவ்வையத்தைத் தெளிவித்தல் நம் கடமை. அல்லாஹ் ஒப்பும் உருவும் அற்றவன். அவனுக்கு ஆண்மையும் இல்லை, பெண்மையும் இல்லை. குணங்குடியார் இறைவனுக்கு உருக் கற்பிக்கவில்லை. தம் ஏக்கத்திற்கு ஒரு மொழி தேடினார். சூஃபிக் கவிஞர் பலர் ‘லைலா’ என்னும் பெயரால் பரம்பொருளைக் குறித்தது இவ்வழியே. ஞானி இப்னு அரபி (1165–1240) இத்தகைய காதற் பாடல்களைப் பாடிப் பழிக்கு ஆளானபோது, அவற்றின் உட்பொருளை விளக்கித் தாமே உரையும் எழுதினார். அவர் இளமையில் செவீல் நகரில் பாத்திமா என்னும் முதிய பெண்ஞானிக்குப் பணிவிடை செய்து பாடம் கேட்டவர் என்பதும் நினைக்கத்தக்கது.

தமிழ்ப் பக்தி மரபில் இதற்கு எதிர்முகமான நெறி உண்டு. நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும், திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் தம்மைப் பெண்ணாக்கிக்கொண்டு இறைவனைத் தலைவனாகப் பாடினர். ஒரு மரபில் பாடும் ஆண் பெண்ணாகின்றான். மற்றொரு மரபில் பாடப்படும் பரம்பொருள் பெண்ணாக அழைக்கப்படுகிறது. இரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். காதலிப்பவர் பக்கத்திலும் காதலிக்கப்படும் பொருளின் பக்கத்திலும் பால் மாறக்கூடுமாயின், பால் அவ்வன்பின் உயிர்நாடி ஆகாது. அது உடுத்திக் களையும் ஆடை போன்றது. மாறாது நிற்பது அன்பு ஒன்றே.

ராபியா அம்மையார் தரும் அளவுகோல்

கி.பி. எட்டாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த ராபியா (ரஹ்) அவர்கள் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர் என்பர். ஒரு கையில் நெருப்பும் மறு கையில் நீரும் ஏந்தி அவர் விரைந்து சென்றதாகவும், காரணம் கேட்டோர்க்கு, சுவனத்தை எரிக்கவும் நரகத்தை அணைக்கவும் செல்வதாகக் கூறியதாகவும் ஒரு செய்தி வழிவழியாக வழங்குகிறது. ஆசையும் அச்சமும் நீங்கிய பின்னரும் எஞ்சி நிற்கும் அன்பே மெய்யன்பு என்பது அதன் கருத்து. கைம்மாறு கருதாத அன்புக்கு இதனினும் தெளிவான விளக்கம் காண்டல் அரிது.

இறைநேசர் வரலாறுகளைத் தொகுத்த பாரசீகக் கவிஞர் அத்தார், ராபியா அம்மையாரையும் அந்நூலில் சேர்த்தார். பெண்ணை ஏன் சேர்த்தீர் என்பார்க்கு விடையாக, இறைவன் நோக்குவது உருவத்தை அன்று, உள்ளத்தையே என்னும் நபிமொழிக் கருத்தைச் சான்று காட்டினார். அதனோடு நில்லாது, இறைவழியில் ஆண்போல் நடக்கும் பெண்ணைப் பெண் எனல் பொருந்தாது என்றும் புகழ்ந்தார். புகழ்ச்சிதான், ஆயினும் அப்புகழ்ச்சிக்குள்ளும் ஆண்மையே அளவுகோலாக இருப்பதைக் காண்க. பெண்ணைப் பெண்ணாகவே ஞானியென ஏற்க அக்காலம் தயங்கியது. இக்காலம் அத்தயக்கத்தைக் கடந்துவிட்டதா என்பதை நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இளையான்குடி கச்சிப்பிள்ளை அம்மாள் ‘மெய்ஞ்ஞானக் குறவஞ்சி’ பாடினார். கீழக்கரை ஆசியா உம்மா, தென்காசி ரசூல் பீவி ஆகியோரும் ஞானப்பாடல்கள் பாடினர். குணங்குடியாரை அறிந்த நம் மாணவருள் இப்பெயர்களை அறிந்தவர் எத்தனை பேர்? இவர்களை மறந்தது அவர்தம் குறையன்று, நம் குறையே.

மனச்சான்று என்னும் நீதிமன்றம்

பால் கடந்த ஆன்மிகம் சொல்லளவில் நின்றுவிடாமல் காப்பது மனச்சான்று. திருக்குர்ஆன் 75ஆவது அத்தியாயத்தின் தொடக்கத்தில், தன்னைத் தானே நிந்தித்துக்கொள்ளும் ஆன்மாவின் மீது ஆணையிடப்படுகிறது. ‘நஃப்ஸுல் லவ்வாமா’ எனப்படும் அதுவே நாம் மனச்சான்று என்பது. நன்மை எது, தீமை எது என அறிய வந்த வாபிஸா (ரலி) என்னும் தோழரிடம், அவர்தம் உள்ளத்தையே கேட்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். உள்ளம் அமைதி பெறுவது நன்மை என்றும், பிறர் எவ்வளவு தீர்ப்புக் கூறினும் நெஞ்சை உறுத்துவது தீமை என்றும் விளக்கினார்கள்.

இதற்கு நம் வட்டாரத்திலேயே ஓர் இலக்கியச் சான்று உண்டு. திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்க விழைந்த சுந்தரர், பிரியேன் எனச் சூளுரைக்க வேண்டியதாயிற்று. சன்னிதியில் தாம் சூளுரைக்கும்போது இறைவன் அவ்விடம் விட்டு மகிழமரத்தடியில் இருக்க வேண்டும் என அவர் வேண்டிக்கொண்டார். இறைவனோ, மகிழமரத்தடியிலேயே சூளுரைக்கக் கேட்குமாறு சங்கிலியாருக்கு உணர்த்தினான். பின்னர்ச் சொல்லை மீறி ஊரெல்லை கடந்த சுந்தரர் கண்ணொளி இழந்தார் எனப் பெரியபுராணம் கூறும். சமயம் எதுவாயினும் இதன் படிப்பினை பொதுவானது. தோழராயினும் அடியாராயினும் வாக்கில் ஒளிவிடம் தேடுவோர் பக்கம் இறைவன் நிற்பதில்லை. நம்பி நிற்கும் பெண்ணின் பக்கமே நிற்கின்றான். கண்ணிழப்பு என்பது மனச்சான்றை மறைக்க முயல்வோர்க்கு வாய்க்கும் அகக்குருட்டின் உருவகமாகவும் கொள்ளத்தக்கது.

எண்ணூர்க் கரையில் ஒரு பாடம்

2017ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் எண்ணூர்க் காமராசர் துறைமுகத்திற்கு வெளியே இரு கப்பல்கள் மோதின. கடலில் கலந்த எண்ணெய், கருஞ்சேறாகிக் கரையோரப் பாறைகளில் படிந்தது. எந்திரங்களால் ஆகாத அவ்வேலையை மீனவரும் மாணவரும் தன்னார்வலரும் வாளிகளால் அள்ளி அள்ளிச் செய்தனர். 2023ஆம் ஆண்டு திசம்பரில் மிக்சாங் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியபோதும் மீனவர் படகுகளில் சென்று அதனை அள்ளினர். அதே மாதம் 26ஆம் நாள் இரவு, கடலடிக் குழாயிலிருந்து கசிந்த அம்மோனியாவால் பெரியகுப்பம் பகுதி மக்கள் உறக்கம் கலைந்து தெருவுக்கு ஓடிவந்தனர்.

கையில் படிந்த அக்கரி, ஆணின் கை, பெண்ணின் கை எனப் பார்த்துப் படியவில்லை. மூச்சை அடைத்த நச்சுக்காற்று, தொழுபவர் யார், வணங்குபவர் யார் எனக் கேட்கவில்லை. துன்பம் வேறுபாடு பாராதபோது துணை மட்டும் வேறுபாடு பார்க்கலாமா? கூலியும் பாராட்டும் கருதாது கருஞ்சேற்றில் இறங்கியவர் செயலில் ராபியா அம்மையாரின் நெறி உயிர்பெற்றது எனலாம்.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. சிந்திய எண்ணெயை அள்ளுவது அன்பு; அது ஏன் சிந்தியது எனக் கேட்பது மனச்சான்று. கேள்வி இல்லாத அன்பு நாளடைவில் அநீதிக்குத் துணைபோகும். அன்பு இல்லாத கேள்வியோ வெறும் பகையாய் முடியும். இரண்டும் இணைந்தே இயங்க வேண்டும்.

முடிவுரை

உயிருக்குப் பால் இல்லை என்றது தமிழ் இலக்கணம். நற்பண்புக்கும் அதன் கூலிக்கும் பால் வேறுபாடு இல்லை என்றது திருமறை. அன்புக்குப் பால் ஆடை மட்டுமே எனப் பாடிக் காட்டினார் குணங்குடியார். இவற்றைத் தேர்வுத்தாளில் எழுதி மதிப்பெண் பெறுதல் எளிது. வீட்டிலும் வீதியிலும் எழுதுதலே அரிது.

மகனைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு, அவனினும் நன்கு பயிலும் மகளை நிறுத்தும் வீட்டில் இந்த ஞானம் நுழையவில்லை. தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டு திருநங்கையர்க்கு நல வாரியம் அமைந்தது. 2014ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தார் உரிமையை ஏற்றது. சட்டம் கதவைத் திறந்த பின்னரும், பேருந்தில் அவர்கள் அருகே வந்து அமர்ந்தால் எழுந்து செல்வோமாயின், நம் மனச்சான்று நம்மை என்ன கேட்கும்? அவர்களும் ஒரு தாய் பெற்ற உயிர்களே. உயிருக்குப் பால் இல்லை என்பதை நாம் முன்பே படித்தோம்.

ஆகவே மாணவச் செல்வங்களே, தண்டையார்பேட்டை வழியே செல்லும்போது அப்பெரியவரின் அடக்கத்தலத்தின் முன் ஒரு கணம் நில்லுங்கள். சமூகப் பெரியோர்களே, நம் மகளிர் பாடிய ஞானப்பாடல்களைத் தேடிப் பதிப்பிக்க உதவுங்கள். ஒவ்வொருவரும் நாளின் முடிவில் தம் நெஞ்சிடம் ஒரு வினாவைக் கேட்போமாக: இன்று நான் எவரையேனும், அவர் யார் என்று பாராமல் நேசித்தேனா? அவ்வினாவுக்கு நாணாமல் விடை சொல்ல இயலும் நாளே நாம் குணங்குடியாரைப் படித்த நாளாகும்.