குழந்தை பால் கக்குகிறதா? தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்

"குடிக்கிற பால் முழுவதையும் பிள்ளை கக்கிப்போடுது. என்ர பால் ஒத்துக்கொள்ளேல்லைப் போல." கொட்டில்களில் வாழும் இளந்தாய்மார் இப்படிக் கவலைப்படுவதுண்டு. பால்மா கொடுத்துப் பார்க்கும்படி அயலவர் சொல்வார்கள். விதைநெல்லுக்கு வைத்திருந்த காசு பால்மாவுக்குப் போகும். நீரைக் கொதிக்க வைக்க விறகு போதாது. சூப்பிப் போத்தலும் சரியாகச் சுத்தமாகாது. பின்னர் வயிற்றோட்டம் தொடங்கும். நலமாயிருந்த குழந்தை இப்போதுதான் நோயாளியாகிறது.

ஏன் கக்குகிறது?

உணவுக்குழாய் இரைப்பையுடன் சேருமிடத்தில் ஒரு தசை வளையம் உண்டு. குளத்துத் துருசின் பலகை இறுக்கமாக இல்லாவிட்டால் நீர் கசிவதுபோல, இவ்வளையம் முதிராத இளங்குழந்தைகளில் பால் மேலே வருகிறது. 4 மாதமளவில் இது அதிகமாக இருக்கலாம். குழந்தை எழுந்து இருக்கத் தொடங்கக் குறைந்து, 1 வயதளவில் பெரும்பாலும் நின்றுவிடும். இதற்குத் தாய்ப்பால் காரணமல்ல.

கக்கிய பால் பார்வைக்கு அதிகமாகத் தெரியும். ஒரு தேக்கரண்டி நீரைச் சீலையில் ஊற்றிப் பாருங்கள். எவ்வளவு தூரம் பரவுகிறது!

இரண்டு சோதனைகள்

1. சலம்: முதல் வாரத்திற்குப் பின் நாளொன்றுக்கு 6 தடவையாவது சலம் போனால் பால் போதுமானது.

2. நிறை: கிளினிக்கில் நிறுத்து அட்டையில் குறிக்கச் செய்யுங்கள். பெரும்பாலான குழந்தைகள் 5 மாதமளவில் பிறந்த நிறையின் இரு மடங்கை அடைவர்.

இவையிரண்டும் சரியாக இருந்து, பிள்ளை உற்சாகமாகவும் இருந்தால் பயப்படத் தேவையில்லை.

நாம் செய்யக்கூடியவை

• தலை சற்று உயர்ந்திருக்கப் பாலூட்டுங்கள். முலைக்காம்பு மட்டுமன்றி, அதைச் சுற்றியுள்ள கருவட்டமும் வாய்க்குள் போகவேண்டும்.
• குடித்தபின் தோளில் சாய்த்து, முதுகை மெதுவாகத் தடவி ஏவறை விடச் செய்யுங்கள். அரைமணி நேரம் நிமிர்த்தி வைத்திருங்கள். உடனே ஏணையில் போட்டு ஆட்ட வேண்டாம்.
• நித்திரைக்கு மல்லாக்கவே கிடத்துங்கள். கக்கும் என்று குப்புறக் கிடத்துவது ஆபத்தானது.
• 6 மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும் போதும். முன்னர் 4 மாதம் என்று கேட்டிருப்பீர்கள். 2001 முதல் உலக சுகாதார நிறுவனம் 6 மாதம் என்றே கூறுகிறது. வசம்பு, சீனித்தண்ணீர், பிஸ்கற் கரைசல் வேண்டாம்.
• அலைச்சலாலும் பயத்தாலும் பால் இறங்கத் தாமதிக்கலாம். அதனால் வற்றிவிட்டதென்று எண்ணாதீர்கள். அடிக்கடி சூப்பக் கொடுத்தால் பால் ஊறும். வீட்டார் மற்ற வேலைகளைப் பொறுப்பேற்றுத் தாய்க்கு உணவும் ஓய்வும் கொடுக்கவேண்டும்.
• ஏற்கெனவே பால்மா கொடுப்பவர்கள், கொதித்த நீரில் சரியான அளவில் கரைத்துக் கோப்பையால் கொடுங்கள். மிஞ்சியதை ஊற்றிவிடுங்கள்.

உடனே வைத்தியசாலைக்கு!

கீழுள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்:

• சத்தி பச்சை நிறமாக இருத்தல், அல்லது இரத்தம் கலந்திருத்தல்.
• பாலூட்டும் ஒவ்வொரு முறையும் தூரத்தில் விழுமாறு பீறிட்டுச் சத்தி எடுத்து, உடனே மீண்டும் பசியால் அழுதல். பிறந்து 2 முதல் 8 வாரத்தில் இது இரைப்பையின் வாசல் தடித்து அடைபடுவதால் வரலாம். சிறிய சத்திரசிகிச்சையால் குணமாகும்.
• காய்ச்சல், வயிறு வீங்குதல், பால் குடிக்க மறுத்தல், சோர்ந்து கிடத்தல்.
• உச்சிக்குழி பள்ளமாதல் அல்லது புடைத்தல். 6 மணி நேரத்திற்கு மேல் சலம் போகாதிருத்தல்.

நிறை கூடாமல் நின்றாலோ குறைந்தாலோ தாமதமின்றிக் குடும்பநல மாதுவிடம் காட்டுங்கள்.

கூடிப் பேசுவோம்

1. எமது கொட்டில்களில் பாலூட்டும் தாய்மார் எத்தனை பேர்? அவர்களுக்கு ஒதுக்கமான இடம் உண்டா?
2. இரவில் ஒரு குழந்தைக்கு ஆபத்து வந்தால் யாருடைய வாகனத்தில் கொண்டுபோவோம்? இன்றே பேசி முடிவு செய்வோம்.