வரைபடத்தில் பெயரில்லாத மண்

தீபகற்ப மலேசியாவின் மண் வரைபடத்தை விரித்து, ஜொகூர் மாநிலத்தைத் தேடிப் பாருங்கள். அதில் நமக்குப் பழக்கமான ஊர்ப் பெயர்கள் இருக்கும். ரெங்கம், செகாமாட், ஜொகூர் பாருவின் புறநகரான தம்போய். ஆனால் அவை ஊர்களைக் குறிக்கவில்லை, மண் வகைகளைக் குறிக்கின்றன. ஒரு மண் முதலில் எங்கே ஆராய்ந்து விவரிக்கப்பட்டதோ, அந்த இடத்தின் பெயரையே அதற்குச் சூட்டுவது வழக்கம். இப்படிப் பெயர் பெற்ற மண்ணை 'மண் தொடர்' என்கிறோம். ரெங்கம் தொடர் மண் ஜொகூரில் மட்டும் இல்லை; பகாங்கிலும் சிலாங்கூரிலும் உண்டு. அங்கேயும் அதன் பெயர் ரெங்கம்தான். நம் தாத்தா பாட்டி பால்மரம் சீவிய தோட்டங்களில் பல இந்த மண்ணின் மேல்தான் இருந்தன.

இப்போது அதே வரைபடத்தில் 1,276 மீட்டர் உயரமுள்ள குனோங் லேடாங்கைத் தேடுங்கள். ஜொகூரின் மிக உயர்ந்த மலை அது. அங்கே எந்த ஊரின் பெயரும் இல்லை. 'ஸ்டீப்லேண்ட்', அதாவது செங்குத்துச் சரிவு நிலம் என்ற ஒரே சொல்தான் இருக்கும். நாட்டின் மலைத்தொடர்கள் பலவற்றுக்கும் இதே சொல்தான். அப்படியானால் மலைச் சரிவில் மண்ணே இல்லையா?

உண்டு. வரைபடம் வரைந்தவர்களுக்கு அந்த மண் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். ரப்பர், செம்பனை, கொக்கோ எங்கே நன்றாக வளரும் என்று கண்டறிவதே அந்த ஆய்வுகளின் முதன்மை நோக்கம். ஏறக்குறைய 25 பாகைக்கு மேல் சரிந்த நிலத்தில் பயிர் செய்வது ஆபத்து என்பதால், அதற்குள் புகுந்து குழி தோண்டி வகைப்படுத்த யாரும் மெனக்கெடவில்லை. 25 பாகை என்றால் எவ்வளவு? கிடைமட்டத்தில் 10 மீட்டர் நகரும்போது 4.7 மீட்டர் மேலே ஏறியிருப்பீர்கள். மூன்று மாடி ஏறுவதற்குக் கிடைமட்டத்தில் 20 மீட்டர்தான் நகர வேண்டியிருக்கும்.

சரிவில் இருக்கும் மண்ணைப் புரிந்துகொள்ள, முதலில் அது பிறக்கும் இடமான பாறையைப் பார்ப்போம். லேடாங் மலை பெரும்பாலும் கிரானைட், அதாவது கருங்கல். கிரானைட்டில் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், மைக்கா ஆகிய கனிமங்கள் உள்ளன. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய கார்போனிக் அமிலமாகிறது. அந்த அமிலம் ஃபெல்ட்ஸ்பாரை மெதுவாக அரித்து, கயோலினைட் என்னும் களிமண்ணாக மாற்றுகிறது. பொட்டாசியம் போன்ற சத்துகள் கரைந்து ஓடிவிடுகின்றன. மைக்காவில் உள்ள இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து துருவாகி, மண்ணுக்கு மஞ்சளும் சிவப்பும் தருகிறது. குவார்ட்ஸ் மட்டும் அசைந்து கொடுக்காது. அதனால்தான் கிரானைட் மண்ணைக் கையில் பிசைந்தால், ஒட்டும் களிக்கு நடுவே பரல் பரலாகக் கரடுமுரடான மணல் உறுத்துகிறது. அந்த மணல்தான் குவார்ட்ஸ்.

பாறையில் வெடிப்புகள் உள்ள இடங்களில் நீர் வேகமாக நுழையும். வெடிப்புகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட கட்டிகள் மூலைகளில் முதலில் கரைந்து, நாளடைவில் உருண்டையாகிவிடும். மலையேறும்போது மண்ணுக்குள் பாதி புதைந்து கிடக்கும் உருண்டைப் பாறைகளைப் பார்த்திருப்பீர்களே, அவை எங்கிருந்தோ உருண்டு வந்தவை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பல பாறைகள் பிறந்த இடத்திலேயே இருக்கின்றன. சுற்றியிருந்த பாறைதான் மண்ணாகிவிட்டது.

நம் நாட்டின் வெப்பத்திலும் மழையிலும் இந்த வேலை மிக வேகமாக நடக்கிறது. அதனால் மென்மையான குன்றுகளில் மண் பல மீட்டர் ஆழத்துக்கு இறங்கியிருக்கும். செங்குத்துச் சரிவிலோ கணக்கு வேறு. அதை ஒரு வீட்டின் வரவு செலவாக நினைத்துக்கொள்ளுங்கள். பாறை மண்ணாவது வரவு. மழை அரித்துச் செல்வது செலவு. வரவு மிஞ்சும் இடத்தில் மண் தடிக்கும். செலவு மிஞ்சினால் மண் மெலிந்து, பாறை மேலே தெரியும். அரிபட்ட மண் அடிவாரத்தில் போய்க் குவிகிறது. ஆகவே ஒரே மலையில், ஒரே பாறையில், ஒரே மழையில்கூட உச்சியில் ஒரு மண், நடுச்சரிவில் ஒரு மண், அடிவாரத்தில் ஒரு மண் என்று வரிசையாக அமைகின்றன. 1930-களில் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆய்வு செய்த ஜெஃப்ரி மில்ன் இந்த வரிசைக்குக் 'கட்டீனா' என்று பெயரிட்டார். லத்தீன் மொழியில் அதற்குச் சங்கிலி என்று பொருள்.

இந்தச் சங்கிலியின் கண்ணிகளை எப்படி வகைப்படுத்துவது? மண்ணின் நிறத்தைப் பார்த்துச் செம்மண், கரிசல் என்று சொல்வது போதாது. மண்ணியலாளர்கள் ஒரு குழி தோண்டி, அதன் பக்கவாட்டில் தெரியும் அடுக்குகளைப் படிக்கிறார்கள். மேலே இலைக்குப்பை, அதன் கீழே மக்கு கலந்த கருமையான மேல்மண், பிறகு களி சேர்ந்த அடிமண், பிறகு பாதி சிதைந்த பாறை, கடைசியில் உறுதியான பாறை. ரெங்கம் தொடரில் களி மேலிருந்து கீழே இறங்கி அடிமண்ணில் தங்கியிருக்கிறது. சத்துகள் மழையில் கழுவப்பட்டு மண் அமிலமாகியிருக்கிறது. இத்தகைய மண்ணை அமெரிக்க வகைப்பாட்டு முறை 'அல்டிசோல்' என்கிறது. எரிமலைப் பாறையிலிருந்து வந்த செகாமாட் தொடர் இன்னும் முதிர்ந்தது, அது 'ஆக்சிசோல்'. இந்த இரண்டு பெருவகைகளும் சேர்ந்து நம் நாட்டு நிலத்தில் ஏறக்குறைய 70 விழுக்காடு. நம் நாட்டு மண்களுக்கென்று விரிவான வகைப்பாட்டை எழுதியவர்களில் முக்கியமானவர் எஸ். பரமானந்தன். மலேசிய மண்களை அடையாளம் காண்பது பற்றிய அவருடைய நூல் 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது.

செங்குத்துச் சரிவில் இந்த அடுக்குகள் உருவாக நேரம் கிடைப்பதில்லை. மேல்மண், அதன் கீழே நேராகப் பாறை என்று இருந்தால் அது 'என்டிசோல்'. அடிமண் கொஞ்சம் தலைகாட்டத் தொடங்கியிருந்தால் 'இன்செப்டிசோல்'. உறுதியான பாறை 50 சென்டிமீட்டருக்குள் வந்துவிட்டால் பெயருக்கு முன்னால் 'லித்திக்' என்ற சொல் சேரும். கிரேக்க மொழியில் கல் என்று பொருள். கற்களின் அளவையும் கணக்கிடுவார்கள். 2 மில்லிமீட்டருக்கு மேற்பட்டவை எல்லாம் கல். அதற்குக் கீழ்ப்பட்டவைதான் மண். கற்கள் மொத்தக் கனஅளவில் 35 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால், அதை 'எலும்புக்கூட்டு மண்' என்ற பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த பெயர் இது. தசை குறைந்து எலும்பு துருத்தி நிற்கும் மண். உலக மண் வகைப்பாட்டில் பாறை 25 சென்டிமீட்டருக்குள் இருந்தால் அது 'லெப்டோசோல்', மெல்லிய மண்.

பயிர் செய்யாத நிலத்துக்கு இவ்வளவு பெயர் எதற்கு என்று கேட்கலாம். 2001-ஆம் ஆண்டு டிசம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். டிசம்பர் 27-ஆம் தேதி தென்சீனக் கடலில் 'வாமேய்' என்ற சூறாவளி உருவாகி ஜொகூரில் கரையேறியது. பூமத்திய ரேகைக்கு 5 பாகைக்குள் சூறாவளிகள் பொதுவாக உருவாவதில்லை. வாமேய் உருவானதோ 1.4 பாகையில், ஜொகூர் பாருவே 1.5 பாகையில்தான் இருக்கிறது. கடும் மழை கொட்டியது. மறுநாள் நம் ஊருக்கு அருகிலுள்ள 654 மீட்டர் உயர குனோங் புலாயின் சரிவுகளிலிருந்து நீரும் சேறும் ஆற்றின் வழியே பாய்ந்து இறங்கின. நான்கு வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன. ஐந்து பேர் உயிரிழந்தனர்.

படிவம் 5 இயற்பியலில் விசையைக் கூறுகளாகப் பிரிக்கிறீர்கள் அல்லவா? அதையே மண்ணுக்குச் செய்து பாருங்கள். 25 பாகைச் சரிவில், மண்ணின் எடையில் 42 விழுக்காடு அதைக் கீழ்நோக்கி இழுக்கிறது. 40 பாகையில் அது 64 விழுக்காடு. மண்ணைப் பிடித்து வைத்திருப்பவை உராய்வும், களியின் ஒட்டும் தன்மையும், மரவேர்களும். ஆழமான மண்ணில் மழைநீர் கீழே கீழே இறங்கிப் பரவும். மெல்லிய மண்ணிலோ அரை மீட்டரில் பாறை தடுத்துவிடுகிறது. நீர் அந்த எல்லையில் தேங்கி, மண்துகள்களைப் பிரித்துத் தள்ளுகிறது. உராய்வு குறைகிறது. இழுவிசை மட்டும் குறைவதில்லை, ஈரத்தின் எடையால் இன்னும் கூடுகிறது. வேர் பாறை வெடிப்புக்குள் இறங்கியிருந்தால் ஓரளவு பிடித்து நிறுத்தும். காடு வெட்டப்பட்டிருந்தால் அந்தப் பிடியும் வேர்கள் மக்க மக்கத் தளர்ந்துவிடும். மண் எத்தனை சென்டிமீட்டர், அதில் எத்தனை விழுக்காடு கல், பாறை எங்கே தொடங்குகிறது என்ற கேள்விகள், அடிவாரத்தில் வீடு கட்டியிருப்பவருக்கு உயிர்க் கேள்விகள்.

இந்த அளவீடுகளில் இரண்டை நீங்களே செய்யலாம். வனக் காப்பகத்தில் தோண்டக் கூடாது. வெட்டப்பட்ட மண்சுவரின் கீழேயும், மழைக்குப் பிறகு சரிவிலும் நிற்கக் கூடாது. பள்ளி வளாகத்திலோ வீட்டுக்கு அருகிலோ உள்ள சிறு மேடு போதும், ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள்.

ஒரு நீளமான பலகையைச் சரிவின் மேல், மேலிருந்து கீழாக வையுங்கள். பாகைமானியின் மையத்தில் நூல் கட்டி, நுனியில் ஓர் அழிப்பானைத் தொங்கவிடுங்கள். பாகைமானியின் நேர்விளிம்பைப் பலகையோடு ஒட்டிப் பிடித்து, வளைவு கீழ்நோக்கி இருக்கும்படி நிறுத்தினால், நூல் ஒரு கோட்டைத் தொடும். 90-லிருந்து எவ்வளவு விலகுகிறதோ அதுவே சரிவு. 65-ஐத் தொட்டால் சரிவு 25 பாகை.

அடுத்து, சிறிய குழி ஒன்று தோண்டி, எடுத்த மண்ணை ஒரு பாத்திரத்தில் போடுங்கள். மண் தோண்டியதும் உப்பிவிடும். ஆகவே பாத்திரத்தை வைத்து அளந்தால் தவறாகும். குழிக்குள் ஒரு நெகிழிப் பையை விரித்து, அளவுச் சாடியால் விளிம்புவரை நீர் ஊற்றுங்கள். ஊற்றிய நீரே குழியின் கனஅளவு. 2 லிட்டர் பிடித்தது என்று வைத்துக்கொள்வோம். பிறகு மண்ணை 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, தங்கிய கற்களைக் கழுவி, நீருள்ள அளவுச் சாடியில் போடுங்கள். நீர்மட்டம் 800 மில்லிலிட்டர் உயர்ந்தால் கற்கள் 40 விழுக்காடு, அதாவது எலும்புக்கூட்டு மண். மேட்டின் உச்சியில் ஒரு குழி, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என்று அளந்து, மூன்று எண்களையும் அருகருகே எழுதிப் பாருங்கள்.