கரை நமக்கு முன்பே நிறைந்திருக்கிறது

பாம்பன்,
மார்கழி 20.

அன்பு மகள் கயலுக்கு,

சித்தப்பா எழுதுவது. கைட் சர்ஃபிங் பயிற்சியை முடித்துவிட்டாய், பலகையில் நின்று இரண்டு பக்கமும் ஓட்டுகிறாய், பொங்கல் விடுமுறைக்குச் சிநேகிதர்களோடு இங்கே வரப்போகிறாய் என்று அண்ணி போனில் சொன்னார்கள். ரொம்ப சந்தோஷம். நம் வீட்டுப் பெண் ஒருத்தி காற்றைப் பிடித்துக் கடல்மேல் ஓடுவதைப் பார்க்க எனக்கும் ஆசைதான்.

இதுவரை உன் பக்கத்தில் பயிற்சியாளர் இருந்தார். எங்கே இறங்குவது, எந்த அளவுப் பட்டம் எடுப்பது, எப்போது நிறுத்துவது என்பதையெல்லாம் அவர் பார்த்துக்கொண்டார். இனி மூன்றும் உன் தலையில். நானும் பட்டம் பிடிக்கிறவன். இந்தக் கரையிலேயே இருக்கிறவன். அதனால் நீ பையைக் கட்டுவதற்கு முன்பே சில விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் கரையைப் பார். வெளியூர்க்காரர்களுக்கு அது காலி மணல். உனக்கு அப்படித் தெரியக்கூடாது. கரைவலை இழுப்பதைச் சின்ன வயதில் பார்த்திருப்பாய். இப்போது இன்னொரு முறை கவனித்துப் பார். கயிற்றின் இரண்டு முனைகளிலும் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். இடுப்பில் சுற்றிய வாரைப் பெருங்கயிற்றில் மாட்டி, கடலைப் பார்த்தபடியே பின்னால் நடந்து நடந்து இழுப்பார்கள். மீன் சேரும் வலையின் மடி கரைக்கு வர மணிக்கணக்காகும். அந்த நேரத்தில் ஒரு பட்டம் அவர்கள் தலைமேல் சரிந்தால், கயிற்றோடு கட்டுண்டு நிற்கிறவர் எப்படி ஓடி ஒதுங்குவார்? தண்ணீருக்குள்ளும் அந்த வலை வெகுதூரம் வளைந்து கிடக்கிறது. உன் பலகையின் அடியில் இருக்கும் துடுப்பு அதில் ஒரு கிழி கிழித்தால், அன்றைய பாடும் போய், வலையை முடிய இரண்டு நாள் கூலியும் போகும்.

கடற்பாசி எடுக்கும் பெண்கள் உன் கண்ணுக்கே தெரியமாட்டார்கள். கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கி முங்கிப் பாறையிலிருந்து பாசியைப் பறிப்பார்கள். எந்த இடத்தில், எந்த நொடியில் தலை மேலே வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆளில்லாத வள்ளம் ஒன்று நங்கூரம் போட்டு நின்றால், அதைச் சுற்றித் தண்ணீருக்குள் ஆட்கள் இருக்கிறார்கள் என்றே வைத்துக்கொள். நல்ல தூரம் விலகிப் போ.

தை அமாவாசையும் வருகிறது. அக்னி தீர்த்தத்திலும் தனுஷ்கோடியிலும் கால் வைக்க இடம் இருக்காது. கடலையே முதல் தடவை பார்க்கிற பாட்டிகள் பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நிற்பார்கள். அவர்களுக்குப் பட்டம் எந்தப் பக்கம் விழும், நூல் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அது முழுக்க முழுக்க உன் வேலை. அந்த மாதிரி நாட்களில் அந்தப் பக்கமே பட்டத்தைப் பிரிக்காதே.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் கையில் இருப்பதன் பலம் பார்க்கிறவர்களுக்குப் புரிவதில்லை. உனக்கும் பட்டத்துக்கும் நடுவே 20 மீட்டருக்கு மேல் நூல். அந்த நீளத்துக்கு, காற்றுவாக்கில் இருக்கிற அத்தனையும் உன் வீச்சுக்குள். சென்னையில் மாஞ்சா நூல் கழுத்தை அறுத்த செய்திகளைப் படித்து வளர்ந்தவள் நீ. நம் நூலில் கண்ணாடித் தூள் கிடையாது. ஆனால் ஓர் ஆளையே தூக்குகிற இழுப்பில் விறைத்து நிற்கும்போது, குறுக்கே வருகிறவரின் தோலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. இன்னொன்று: காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பட்டத்தின் இழுப்பு நான்கு மடங்காகும். மணிக்கு 20 கிலோமீட்டர் காற்றில் சாதுவாக இருந்த அதே பட்டம் 40-இல் வேறு மிருகம். மேகம் கறுத்து, தண்ணீரின் நிறம் தூரத்தில் மாறுகிறது என்றால், “இன்னும் ஒரு ஓட்டம்” என்று நினைக்காமல் இறக்கிவிடு.

இந்த விளையாட்டில் பெரிய காயங்கள் ஆழ்கடலில் நேர்வதைவிடக் கரையிலும் கரையோரத்திலும்தான் அதிகம் நேர்கின்றன. கடலில் விழுந்தால் தண்ணீர் தாங்கும். கரையில் வள்ளம் இருக்கிறது, கருவேல மரம் இருக்கிறது, கல் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக மனிதர்கள் இருக்கிறார்கள். அதனால் பட்டத்தை எழுப்புகிற அந்த அரை நிமிடத்துக்குத்தான் முழுக் கவனமும் வேண்டும். காற்றுவாக்கில் குறைந்தது இரண்டு நூல் நீளத்துக்கு, அதாவது 50 மீட்டராவது, ஆளோ தடையோ இருக்கக்கூடாது. நூல்கள் மாறி மாட்டப்பட்டிருந்தால் பட்டம் எழுந்த கணமே உன்னை இழுத்து எறியும்; ஆகவே நான்கையும் கையால் தொட்டுக்கொண்டே நடந்து, ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று பார். பட்டத்தைப் பிடித்துக்கொடுக்க, விவரம் தெரிந்தவரைத்தான் கூப்பிட வேண்டும். வேடிக்கை பார்க்க வந்த பிள்ளையை “தம்பி, கொஞ்சம் பிடி” என்று ஒருநாளும் கூப்பிடாதே. இறக்கிய பிறகு பட்டத்தைக் கவிழ்த்து, மேலே மணல் அள்ளிப்போட்டு, நூலைச் சுருட்டிவிடு. மணலில் நீட்டிக்கிடக்கும் நூலில் ஓடுகிற குழந்தையின் கால் மாட்டிய நேரம் பார்த்துக் காற்று பட்டத்தைப் புரட்டினால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

சேஃப்டி பற்றிச் சொல்லியிருப்பார்கள், நானும் சொல்கிறேன். முதலில் கையில் பிடித்திருக்கும் பாரை விடு. அதற்கும் அடங்கவில்லையென்றால் க்விக் ரிலீஸைத் தள்ளு. பட்டம் ஒற்றை நூலில் துவண்டு விழும். அப்போதும் இழுத்தால், அந்த நூலை உன்னோடு இணைத்திருக்கும் லீஷையும் கழற்றிவிடு. ஆனால் காற்றுவாக்கில் ஆட்கள் இருக்கும்போது லீஷைக் கழற்றினால், பட்டம் யாரும் பிடிக்காத நூலோடு அவர்கள்மேல் போகும். அதனால்தான் அந்த நிலைக்கு வராதபடி முதலிலேயே இடத்தைப் பார்த்து இறங்கச் சொல்கிறேன். இந்த வசதிகள் முதலிலிருந்தே இருந்தவை அல்ல. பிரான்ஸின் லெகெனூ சகோதரர்கள் காற்றடைத்த பட்டத்துக்கு 1984-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். தொடக்ககாலப் பட்டங்களில் இழுப்பை நினைத்தவுடன் கொல்ல வழியில்லை. இன்றைக்கு ரிலீஸ் எப்படி வேலை செய்ய வேண்டும் என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 21853 என்று தனித் தரமே 2020-இல் வந்துவிட்டது. கருவி தேறிவிட்டது, மிச்சம் இருப்பது மனசு. விலை உயர்ந்த பட்டம் கிழிந்துவிடுமே என்று கடைசி நொடி வரை பிடித்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பட்டம் கிழிந்தால் தைக்கலாம், மகளே. ஒவ்வொரு முறை இறங்குவதற்கு முன்பும், கண்ணை மூடிக்கொண்டு ரிலீஸைத் தொடமுடிகிறதா என்று பார்த்துக்கொள்.

அடுத்தது நம் தீவுக்கே உரிய ஆபத்து. இது ஒடுங்கிய நிலம். வாடைக் காற்றில் வடகடல் அலையடித்துக் கிடக்க, தென்கடல் கண்ணாடிபோல இருக்கும். தென்மேற்குக் கச்சான் காற்றில் அது அப்படியே மாறும். அமைதியான தண்ணீர்தான் ஓட்டச் சுகம். எல்லோரும் அங்கேதான் போவார்கள். ஆனால் அது ஏன் அமைதியாக இருக்கிறது? காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போவதால். நீ பொங்கலுக்கு வரும்போது வீசுவது வாடைதான்; தென்கடலில் ஒரு நூல் அறுந்தாலும், காற்று திடீரென்று விழுந்தாலும், மறுபடி எழுகிற காற்று உன்னை மன்னார் வளைகுடாவுக்குள்தான் தள்ளும். மற்ற இடங்களில் நூலைச் சுருட்டிக்கொண்டு பட்டத்தையே மிதவையாக்கிக் கரை சேரலாம். இங்கே அது கரையை விட்டுத் தூரமாகத்தான் கொண்டுபோகும். அப்போது தேடி வருவது யார்? வலையைப் பாதியில் போட்டுவிட்டு, தன் டீசலை எரித்துக்கொண்டு வருகிற வள்ளக்காரர். கூலி கேட்கமாட்டார். கேட்கமாட்டார் என்பதற்காகவே அவரை அந்த நிலைக்கு ஆளாக்கக் கூடாது. மீட்புப் படகு தயாராக நிற்காத நாளில் தென்கடலில் இறங்காதே. படகு நிற்கிற நாளிலும், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டு இறங்கு. தவறிப்போய் யாராவது உன்னைத் தூக்கிவர நேர்ந்தால், டீசல் காசைக் கையில் திணித்துவிட்டு வா.

ஓட்டுகிறவர்களுக்குள் இருக்கும் விதிகள் உனக்குத் தெரியும். வலக்கை முன்னால் வரும்படி ஓடுகிறவருக்கு வழி. கரையிலிருந்து புறப்படுகிறவருக்கு, திரும்பி வருகிறவர் வழிவிட வேண்டும். கடக்கும்போது காற்று வரும் பக்கம் இருப்பவர் பட்டத்தை உயர்த்த, மற்றவர் தாழ்த்த வேண்டும். குளிக்கிறவருக்கும் வள்ளத்துக்கும் முன்னால் இந்த உரிமை எதுவும் செல்லாது. எப்போதும் நாம்தான் விலக வேண்டும். போனில் படம் எடுக்கிறவர்களுக்காகக் கரையோரம் குதித்துக் காட்டுகிற ஆசை மட்டும் உனக்கு வேண்டாம். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் எதிலும் அனுமதி இல்லாமல் கால் வைக்காதே.

இதையெல்லாம் யார் கண்காணிப்பது என்று கேட்பாய். நாம்தான். இந்தக் கரைக்கு அது புதிதும் அல்ல. ராமேஸ்வரத்தில் விசைப்படகுகளும் நாட்டுப்படகுகளும் மோதிக்கொண்ட பிறகு, வாரத்தின் நாட்களைப் பிரித்துக்கொண்டார்கள்: திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு; மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. பாசி எடுக்கும் பெண்கள் மாதத்தில் 12 நாள் மட்டுமே கடலுக்குப் போவது, இனப்பெருக்கக் காலத்தில் 45 நாள் போகாமலே இருப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களை முன்னின்று நடத்திய சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீகாலஜி பரிசு கிடைத்தது. அன்றாடம் கடலுக்குப் போனால்தான் அடுப்பெரியும் என்ற நிலையில் இருப்பவர்கள் தாங்களாகவே தங்கள் கையைக் கட்டிக்கொள்கிறார்கள். பொழுதுபோக்குக்கு வருகிற நமக்கு அதைவிடக் குறைவான கட்டுப்பாடு போதும் என்று சொல்ல எந்த நியாயமும் இல்லை.

ஆகவே உன் கூட்டத்துக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொள். ஒவ்வொரு நாளும் ஒருவர் கடலில் இறங்காமல் கரையைப் பார்த்துக்கொள்ளட்டும். அவர் கையைத் தூக்கினால், எவ்வளவு நன்றாக ஓட்டுகிறவராக இருந்தாலும், கேள்வி கேட்காமல் பட்டத்தை இறக்க வேண்டும். சிநேகிதன் தப்பாக எழுப்புகிறான் என்றால் “நமக்கென்ன” என்று இருந்துவிடாதே, போய் நிறுத்து. அவனுக்கு ஒரு நாள் கோபம் இருக்கும், அவ்வளவுதான். வெளிநாட்டிலிருந்து வந்து பல வருஷம் ஓட்டியவர் என்றாலும் சொல். நெதர்லாந்தின் பல கடற்கரைகளில் இன்று ஒதுக்கிய இடத்தில் மட்டும்தான் பட்டம் விடலாம். இங்கே ஒரு குழந்தைக்கு அடிபட்டால் அப்படி இடம் ஒதுக்கிக்கூடத் தரமாட்டார்கள், ஒரேயடியாக நிறுத்திவிடுவார்கள். நீ சென்னைக்குத் திரும்பிவிடுவாய். இந்த விளையாட்டை நம்பிப் படகு ஓட்டவும் பாடம் சொல்லவும் கற்றுக்கொண்ட நம்மூர்ப் பையன்களின் பிழைப்புப் போகும். அடிபட்ட குழந்தைக்கோ எந்தத் தடையும் ஈடாகாது.

நீ எவ்வளவு உயரம் குதித்தாய் என்று நான் கேட்கப்போவதில்லை. நீ ஓட்டும்போது கரையில் வலை இழுக்கிறவர்கள் தலையைத் தூக்கிப் பார்க்காமல் தங்கள் வேலையைச் செய்ய முடிகிறதா, அதைத்தான் பார்ப்பேன். அந்த நம்பிக்கையைக் காசு கொடுத்து வாங்க முடியாது. நடந்து காட்டித்தான் பெற வேண்டும்.

வந்து இறங்கியதும் பையைத் திறக்காதே. முதலில் என்னோடு வா, கரைவலைச் சம்மாட்டியைப் பார்த்து இன்றைக்கு எங்கே வலை வளைக்கிறார்கள், எப்போது மடி ஏறும் என்று கேட்போம். உன் சிநேகிதர்களையும் கூட்டி வா. கேட்கிற பழக்கம் அவர்களுக்கும் வரட்டும். சித்தி உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் பொங்கல் வைக்கப்போகிறாள். நல்லபடியாக வந்து சேருங்கள்.

அன்புடன்,
சித்தப்பா