அம்மாவுக்குச் செய்வது குடும்பச் செலவா, மறைவுச் செலவா?



பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவில் நாம் படும் பாட்டை இந்த மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

உத்திரமேரூர் பக்கம் ஒரு குழுவில் நடந்தது இது. மாட்டுத் தீவனம் வாங்க என்று சொல்லி ஒரு உறுப்பினர் 8,000 ரூபாய் உள்கடன் வாங்கினார். இரண்டு தவணை வரவில்லை. மூன்றாவது மாதம் அவர் கணவரே கூட்டத்துக்கு வந்து, "எந்த மாட்டுக்குங்க இந்தக் கடன்?" என்று கேட்டார். வழுக்கி விழுந்து கால் உடைந்த அம்மாவின் வைத்தியத்துக்குப் பணம் போனது அப்போதுதான் தெரிந்தது.

அந்த உறுப்பினர் அழுதுகொண்டே கேட்டார்: "அவங்க அம்மாவுக்கு மாசாமாசம் மாத்திரை வாங்கினா குடும்பச் செலவு. எங்க அம்மாவுக்கு வாங்கினா மட்டும் திருட்டா?"

கணவர் சொன்னார்: "செய்யாதேன்னு நான் எப்போ சொன்னேன்? என்கிட்ட ஏன் மறைச்சே?"

இரண்டு கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. குழுவுக்கும் ஒரு கேள்வி உண்டு. அம்மா வைத்தியத்துக்கு என்று தைரியமாகக் கேட்கும்படி நாம் நடந்துகொண்டோமா?

சட்டம் என்ன சொல்கிறது?

"கட்டிக் கொடுத்தாச்சு, இனி அவளுக்கு என்ன பொறுப்பு" என்று ஊரில் சொல்வார்கள். மகாராஷ்டிராவில் தந்தை ஒருவர் திருமணமான மகளிடம் ஜீவனாம்சம் கேட்ட வழக்கில், 1987-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கல்யாணம் ஆனாலும் மகள் மகள்தான். தங்களைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ள முடியாத பெற்றோரைக் காக்கும் பொறுப்பு அவளுக்கும் உண்டு. ஆனால் கணவரின் வருமானத்தைச் சேர்க்காமல், அவளுக்கென்று போதிய சொந்த வசதி இருக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது.

2007-ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும் மகன், மகள் இருவரையும் சேர்த்தே சொல்கிறது. ஆகவே அண்ணன், தம்பி இருந்தால் அவர்களும் பங்கு போட வேண்டும். எல்லாச் சுமையையும் ஒருத்தியே இழுக்க வேண்டியதில்லை.

கல்வெட்டு சொல்லும் பாடம்

நம் உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன் வெட்டிய குடவோலை விதிகள் இருக்கின்றன. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் போடக் கூடாது. ஒருவர் மறைத்த கணக்கு உறவுக்காரரையும் பாதித்தது. அந்தக் குடத்தில் பெண்கள் பெயருக்கு இடமில்லை. ஆனாலும் பாடம் நமக்கும்தான். மறைத்த கணக்கு ஒருவரோடு நிற்காது.

நாம் செய்யக்கூடியவை

1. வீட்டு வரவு செலவு நோட்டில் மாமியார் மருந்துக்கு ஒரு வரி, அம்மா மருந்துக்கு ஒரு வரி என்று பக்கத்திலேயே எழுதுவோம். தொகை சமமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இரண்டும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

2. அவசரம் வருவதற்கு முன்பே கணவரிடம் பேசி, மாதம் எவ்வளவு என்று முடிவு செய்வோம். சண்டை நேரத்தில் பேசினால் எந்தக் கணக்கும் தப்பாகத்தான் படும்.

3. கணவர் சொன்னதை அம்மாவிடமும், அம்மா சொன்னதைக் கணவரிடமும் கூட்டிக் குறைத்துச் சொல்ல வேண்டாம். பாதிச் சண்டை அங்கேதான் பிறக்கிறது.

4. கடன் விண்ணப்பத்தில் உண்மையான காரணத்தையே எழுதுவோம்.

ஒரு எச்சரிக்கை. சொன்னால் அடி விழும் என்று பயப்படும் சகோதரியிடம் "ஒளிக்காமல் பேசு" என்று சொல்லி அனுப்பக் கூடாது. நம் சம்பாத்தியத்தைப் பிடுங்கிக்கொள்வதும் 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டப்படி வன்முறைதான். பெண்கள் உதவி எண் 181. முதியோர் உதவி எண் 14567.

அந்த உறுப்பினரின் கடன் தீரவில்லை. தவணையைக் குறைத்து, காலத்தை நீட்டிக் கொடுத்தார்கள். இப்போது நோட்டில் 'அம்மா வைத்தியம்' என்றே எழுதியிருக்கிறது. போன மாதத் தவணையைக் கணவரே கொடுத்தனுப்பினார்.

கூட்டத்தில் பேசுவோம்: நம் வீட்டு நோட்டில் அம்மா பெயர் இருக்கிறதா? இல்லையென்றால், எழுத விடாமல் தடுப்பது எது?