சுவிஸ் நண்பர்களோடு சாப்பிடப் போகும் திருப்பூர்க்காரர்களுக்கு 12 குறிப்புகள்

சுவிட்சர்லாந்தில் 1981-இல் தொடங்கிய ‘ஸ்விட்சர்’ பிராண்டுக்குத் திருப்பூரில்தான் பல காலம் டி-ஷர்ட் தைத்தார்கள். சுவிஸ் உள்ளிட்ட நான்கு ஐரோப்பிய நாடுகளோடு இந்தியா 2024 மார்ச்சில் கையெழுத்திட்ட வர்த்தக ஒப்பந்தம், 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. பனியன் கம்பெனி முதலாளிகளும் மெர்ச்சன்டைசர்களும் ஜூரிச்சில் போய் இறங்குவது இனி கூடும். அங்கே பழகியவர்கள், ‘எங்க ஊர்ச் சாப்பாடு சாப்பிடலாம், வாங்க’ என்று கூப்பிட்டால் தட்டாமல் போங்கள். ஓட்டல் அறையில் ரெடிமேட் உப்புமாவுக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஆர்டர் கிடைக்கலாம், சிநேகிதம் கிடைக்காது.

1. எதைச் சாப்பிடுவீர்கள், எதைத் தொடமாட்டீர்கள் என்பதை டேபிள் புக் செய்யும் முன்பே நண்பரிடம் சொல்லிவிடுங்கள். போய் உட்கார்ந்த பிறகு சொன்னால் கூப்பிட்டவருக்குச் சங்கடம். ‘ஓனே ஃப்ளைஷ்’ என்றால் இறைச்சி இல்லாமல். ‘ஓனே ஷ்பெக்’ என்றால் பன்றிக் கொழுப்பிறைச்சி இல்லாமல். இரண்டையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். உருளைக்கிழங்கைச் சீவி வறுக்கும் ரோஸ்டியிலும், மக்ரோனியும் கிழங்கும் க்ரீமும் சீஸும் சேர்ந்த ‘எல்ப்ளர்மக்ரோனன்’ என்ற மலைமேய்ப்பர் உணவிலும் ஷ்பெக் அடிக்கடி கலந்திருக்கும்.

2. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் மூன்று பெயர்களைக் கவனிக்க வேண்டும். ‘ஸூர்ச்சர் கெஷ்னெட்செல்டெஸ்’ கன்றுக்குட்டி இறைச்சியில் செய்வது. ‘பூண்ட்னர்ஃப்ளைஷ்’ உலர்த்திய மாட்டிறைச்சி. ‘செர்வெலா’ சாசேஜில் மாடும் பன்றியும் கலந்திருக்கும்.

3. சுத்த சைவக்காரர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். க்ரூயேர் போன்ற பாரம்பரிய சீஸ்களுக்குப் பாலை உறையவைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட். இது வேண்டாம் என்பவர்கள் சீஸ் போடாமல், காய்கறி வைத்த ரோஸ்டி கேட்கலாம். ஜூரிச்சில் 1898 முதல் நடக்கும் ‘ஹில்ட்ல்’ சைவ உணவகத்துக்கும் நண்பர்களை அழைக்கலாம். அந்தக் குடும்பத்து மார்கிரித் ஹில்ட்ல் 1951-இல் டெல்லியில் நடந்த சைவ மாநாட்டுக்கு வந்து, நம் நாட்டு மசாலாக்களையும் சமையலையும் கற்றுப்போய் அங்கே அறிமுகம் செய்தவர்.

4. முதல்முறை போகிறவர்கள் ஃபாண்டூவையே கேளுங்கள். கூட்டாளிகளோடு சாப்பிட இதைவிடப் பொருத்தமான உணவு அந்த நாட்டில் இல்லை. பல இடங்களில் இரண்டு பேருக்குக் குறைந்து ஆர்டரே எடுக்கமாட்டார்கள். பூண்டு தேய்த்த சட்டியில் வெள்ளை ஒயினும் சீஸும் உருகி, சின்ன அடுப்பின் மேல் மேசைக்கு வரும். க்ரூயேரும் ஃப்ரீபூர் பகுதியின் வாஷெரானும் பாதிக்குப் பாதி சேர்ந்தது ‘முவாத்தியே-முவாத்தியே’. ருசியில் அதற்கே என் ஓட்டு. மேற்குப் பகுதியின் பண்டமாக இருந்ததை 1930-களில் சீஸ் விற்பனையைப் பெருக்க நாடு முழுக்கப் பரப்பியது அங்கிருந்த சீஸ் யூனியன். ரொட்டித் துண்டை நீள முள்கரண்டியில் தோல் பக்கமாக அழுத்திக் குத்தி, சட்டியின் அடிவரை விட்டுக் கிளறி எடுங்கள். ஆளாளுக்குக் கிளறிக்கொண்டே இருந்தால்தான் சீஸ் திரியாது. ரொட்டி நழுவிச் சட்டிக்குள் விழுந்தால் விழவிட்டவருக்கு ஒரு விளையாட்டுத் தண்டனை உண்டு. கடைசியில் அடியில் பொன்னிறமாகப் பிடித்திருப்பதைச் சுரண்டிப் பங்கிடுவார்கள். திரட்டுப்பால் கிண்டிய வாணலிக்கு நம் வீட்டுப் பிள்ளைகள் போடும் சண்டைதான் அங்கேயும். உங்கள் பங்கைக் கேட்டு வாங்குங்கள்.

5. ஒரே சட்டி என்றதும் எச்சில் பற்றிய யோசனை நமக்கு வரும். முள்கரண்டி உதட்டில் படாமல் ரொட்டியைப் பல்லால் மட்டும் உருவிக்கொள்வது முறை. இல்லையென்றால் தட்டில் தட்டிவிட்டு வேறு கரண்டியால் சாப்பிடலாம். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

6. மது தொடாதவர்கள் கவனிக்க: ஃபாண்டூவில் ஊற்றும் ஒயின் முழுக்க ஆவியாகிவிடாது. கிர்ஷ் என்ற செர்ரிச் சாராயமும் சேர்ப்பார்கள். மது இல்லாமல் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள். கிடைக்காவிட்டால் ராக்லெட்.

7. ராக்லெட் வாலே மாநிலத்து உணவு. சூட்டில் இளகிய சீஸை வழித்து, தோலோடு அவித்த உருளைக்கிழங்கின் மேல் போட்டு, வெள்ளரி ஊறுகாயும் சின்ன வெங்காய ஊறுகாயும் தொட்டுக்கொள்வது. நம் நாக்குக்குச் சட்டென்று பிடித்துவிடும். மிளகுத்தூள் மேசையிலேயே இருக்கும்.

8. சீஸோடு ஐஸ் தண்ணீர் குடித்தால் வயிற்றில் கட்டிக்கொள்ளும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. சூடான கறுப்பு டீ கேளுங்கள். ஜூரிச் மருத்துவர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஃபாண்டூவோடு டீ குடித்தவர்களைவிட ஒயின் குடித்தவர்களுக்குத்தான் செரிமானம் மெதுவாக நடந்தது. 1952 முதல் விற்கும் ‘ரிவெல்லா’, பால் திரிந்த தெளிநீரில் செய்யும் குளிர்பானம். கோப்பையைத் தூக்கி வாழ்த்தும்போது ஒவ்வொருவர் கண்ணையும் பார்க்க வேண்டும். ரிவெல்லாவைத் தூக்கினாலும் மரியாதைதான். குழாய்த் தண்ணீருக்கும் சில கடைகளில் காசு உண்டு.

9. சீஸ் வாசம் கம்பளிக் கோட்டில் ஏறினால் லேசில் போகாது. கோட்டை வாசலருகே மாட்டிவிட்டு, துவைக்கச் சுலபமான காட்டன் சட்டையோடு உட்காருங்கள்.

10. ஏழு மணி என்றால் ஏழு மணி. இரவு ஒன்பதரைக்கெல்லாம் பல சமையலறைகள் மூடிவிடும். ஃபாண்டூ ஆளுக்குச் சுமார் 30 ஃப்ராங்க். ஒரு ஃப்ராங்க் இன்று நூறு ரூபாய்க்கும் மேல். நண்பர்கள் அவரவர் பங்கைக் கொடுப்பது அங்கே இயல்பு, அதில் மனவருத்தம் வேண்டாம். 1974 முதல் சேவைக் கட்டணம் விலையிலேயே அடக்கம். சில்லறையை முழு ஃப்ராங்காக்கிக் கொடுத்தால் போதும்.

11. பதிலுக்கு அவர்கள் திருப்பூர் வந்தால் வீட்டிலேயே ரோஸ்டி செய்து அசத்தலாம். முந்தின நாளே கிழங்கை அரைப்பதமாக அவித்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் துருவி, உப்புப் போட்டு, தோசைக்கல்லில் தாராளமாக வெண்ணெய் விட்டு அடை கனத்துக்குத் தட்டி, சிறுதீயில் இருபுறமும் முறுகவிடுங்கள். அவித்ததும் சூட்டோடு துருவினால் குழைந்துவிடும். ஃபாண்டூ செய்வதென்றால் ஒயினுக்குப் பதில் ஆப்பிள் ஜூஸும் எலுமிச்சைச் சாறும். புளிப்பு இருந்தால்தான் சீஸ் நூல்கட்டாமல் உருகும். துருவிய சீஸில் சோள மாவைப் பிசிறிப் போடுங்கள், கொதிக்க விடாதீர்கள். ரொட்டி முந்தின நாளுடையதாக இருக்கட்டும்.

12. 1980-களிலிருந்து அகதிகளாகப் போன ஈழத்தமிழர்கள் பலர் சுவிஸ் உணவகச் சமையலறைகளில் வேலை பார்த்துக் குடும்பத்தை நிமிர்த்தியவர்கள். நீங்கள் சாப்பிடும் ரோஸ்டியைப் புரட்டியவர் யாழ்ப்பாணத்துக்காரராகவும் இருக்கலாம். உள்ளே தமிழ்க் குரல் கேட்டால், கிளம்பும் முன் ஒரு வார்த்தை நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.